ரில் வழிகளை வைத்துக் கலப்பின வீரியத்தை வரைபடமாக்க முடியுமா?

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் மரபியல், பயிர்ப்பெருக்கவியல் துறையில் முதுகலை படிக்கும் ஓசூர் மாணவி ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் மக்காச்சோளத்தில் இரண்டு தூய பெற்றோரிலிருந்து உருவாக்கிய 180 ரில் வழிகள் (இரு பெற்றோரின் ஜீன்களும் கலந்து, உட்கலப்பால் தூயதாக்கப்பட்ட வழிகள்) இருக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் ஆயிரக்கணக்கான எஸ்என்பி குறிப்பான்களின் (டிஎன்ஏவில் ஓர் எழுத்து வேறுபடும் இடங்களின்) தரவும் இருக்கிறது. இவற்றைக் கொண்டு, கலப்பினச் சந்ததி பெற்றோரை மிஞ்சுவதான கலப்பின வீரியத்துக்குக் காரணமான இருப்பிடங்களைக் குரோமோசோம்களில் குறிக்க முடியுமா, அப்படிச் செய்து 'மிகை ஓங்குத்தன்மை' என்று விடை வந்தால் அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. நேரில் அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது என்பதால், முழுவதையும் அவரிடமே சொல்வதுபோல் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாதிக்குச் சுருக்கமான விடை: ரில் வழிகளை மட்டும் வயலில் நட்டு அளந்தால் முடியாது, அவற்றைப் பெற்றோராகப் பயன்படுத்தி மீண்டும் கலந்தால் முடியும். இரண்டாம் பாதிக்கு அவ்வளவு சுருக்கமான விடை இல்லை.

ரில் வழி எப்படி உருவாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இரு பெற்றோரின் நேர்க் கலப்பான எஃப்1-ஐத் தன் மகரந்தச் சேர்க்கை செய்து அடுத்த தலைமுறையான எஃப்2 எடுத்து, ஒவ்வொரு எஃப்2 செடியிலிருந்தும் ஒரு விதை, அதன் செடியிலிருந்து இன்னொரு விதை என்று ஆறேழு தலைமுறை ஓட்டும்போது, ஹெட்டிரோசைகஸ் பங்கு, அதாவது ஒரு ஜீனின் இரு வேறு வடிவங்களை (அல்லீல்களை) கொண்ட இருப்பிடங்களின் பங்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறைந்து, கடைசியில் ஏறக்குறைய எல்லா இருப்பிடங்களும் ஏதோ ஒரு பெற்றோரின் அல்லீலையே இரட்டையாகக் கொண்ட ஹோமோசைகஸ் நிலையை அடைகின்றன. விதைக்கடைக்காரர் 'வீரிய ஒட்டு' என்று சொல்லி விற்கும் பொருளின் வீரியம் எதில் இருக்கிறதோ, அதைத் தலைமுறைதோறும் வடிகட்டி எறிந்த பிறகு மிஞ்சுவதே ரில். அதற்குள் வீரியத்தைத் தேடுவது, தயிரைக் கடைந்து வெண்ணெயை எடுத்த பிறகு மோரில் வெண்ணெய் தேடுவதைப் போன்றது.

இதைக் கணக்காகச் சொன்னால் தெளிவாகும். ஓர் இருப்பிடத்தில் இரு ஹோமோசைகஸ் செடிகளின் விளைச்சலுக்கு நடுவே ஒரு நடுப்புள்ளி உண்டு. அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஹோமோசைகஸும் விலகியிருக்கும் தூரம் கூட்டல் விளைவு. அதை 'ஏ' என்போம். ஹெட்டிரோசைகஸ் செடி அதே புள்ளியிலிருந்து விலகியிருக்கும் தூரம் ஓங்கு விளைவு, அது 'டி'. டி சுழியமானால் ஓங்குத்தன்மை இல்லை. ஏ-க்குச் சமமானால் முழு ஓங்குத்தன்மை. ஏ-ஐ மிஞ்சினால் மிகை ஓங்குத்தன்மை. இருப்பிடங்கள் தமக்குள் ஊடாடாதவரை, எஃப்1 பெற்றோரின் சராசரியை எவ்வளவு மிஞ்சுகிறது என்பது, பெற்றோர் வேறுபடும் எல்லா இருப்பிடங்களின் டி-க்களையும் கூட்டிய தொகையே. அதில் ஏ-க்கு இடமே இல்லை. ரில் வழிகளிலோ ஏ மட்டுமே வெளிப்படும். ஆகவே ரில் விளைச்சலுக்குக் கிடைக்கும் கியூடிஎல்கள் (விளைச்சல் போன்ற அளவுப் பண்பைப் பாதிக்கும் குரோமோசோம் இருப்பிடங்கள்) எவ்வளவு உறுதியானவையாக இருந்தாலும், அவை கலப்பின வீரியத்தின் கியூடிஎல்கள் ஆகா. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அந்த வரிசையில் சேர வேண்டாம்.

எஃப்2 செடித்தொகுதியில் மூன்று மரபு வகைகளும் இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், ஆனால் ஒவ்வொரு எஃப்2 செடியும் உலகத்தில் ஒன்றே ஒன்று. ஒற்றை மக்காச்சோளச் செடியின் கதிர் எடையை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. அதன் விதையை விதைத்து எஃப்3 குடும்பமாக அளந்தால், திரும்பத் திரும்ப அளக்கும் வசதி வரும். ஓங்கு விளைவு பாதியாகிவிடும்.

எனவே உங்களுக்கு ஏற்ற வழி, காம்ஸ்டாக், ராபின்சன் இருவரும் 1948 முதல் வகுத்த வட கரோலினா திட்டங்களில் மூன்றாவது. ஒவ்வொரு ரில் வழியையும் இரு பெற்றோருடனும் தனித்தனியே பிற்கலப்பு செய்ய வேண்டும். 180 வழிகளுக்கு 360 கலப்புகள். ஓர் இருப்பிடத்தில் ரில் வழி முதல் பெற்றோரின் அல்லீலைக் கொண்டிருந்தால், முதல் பெற்றோருடன் கலந்த சந்ததி ஹோமோசைகஸ் ஆகி 'கூட்டல் ஏ' மதிப்பைத் தரும். இரண்டாம் பெற்றோருடன் கலந்தது ஹெட்டிரோசைகஸ் ஆகி 'டி' மதிப்பைத் தரும். ரில் வழியில் இரண்டாம் பெற்றோரின் அல்லீல் இருந்தால், அவை முறையே 'டி', 'கழித்தல் ஏ'. இப்போது ஒவ்வொரு வழிக்கும் இரு சந்ததிகளின் கூட்டுத்தொகையை ஒரு பண்பாகவும், வேறுபாட்டை இன்னொரு பண்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகையில் இரு அல்லீல் வகுப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இரண்டு ஏ. டி முற்றிலும் அடிபட்டுப் போகும். வேறுபாட்டில் உள்ள வித்தியாசம் இரண்டு டி. ஏ அடிபட்டுப் போகும். தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. வழக்கமான கியூடிஎல் மென்பொருளில் இந்த இரண்டையும் தனித்தனிப் பண்புகளாகக் கொடுத்தாலே, எந்த இருப்பிடம் வீரியத்துக்குப் பங்களிக்கிறது என்பது டி-யின் வரைபடமாக வந்துவிடும். 1968-இல் கியர்சி, ஜிங்ஸ் இருவரும் முன்வைத்த மும்முனைச் சோதனைக் கலப்பில் எஃப்1-ஐயும் மூன்றாம் பெற்றோராகச் சேர்ப்பார்கள். இருப்பிடங்களுக்கு இடையேயான ஊடாட்டம் இருக்கிறதா என்று அது காட்டும். உங்கள் இரண்டு ஆண்டுக் காலத்தில் அதற்கு நேரம் இருக்காது.

360 கலப்பையும் கையால் செய்யப் போகிறீர்களா? ஜனவரியில் விதைத்தால் மார்ச்சில் பூக்கும். பட்டு நூல் வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே இளங்கதிருக்குப் பட்டர் காகித உறை போட வேண்டும். முதல் நாள் மாலை ஆண் பூங்கொத்துக்குப் பழுப்புக் காகிதப் பையைக் கட்டி, மறுநாள் பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிக்குள், பையைச் சாய்த்துத் தட்டி மகரந்தத்தைச் சேகரித்து, கதிர் உறையை ஒரு நொடி மட்டும் தூக்கி, பட்டின் மீது தூவி, பெரிய பையால் மூடி, பென்சிலால் எழுதிய சீட்டைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். பேனாவால் எழுதினால் பெங்களூரின் கோடை மழை முதல் நாளே அழித்துவிடும். நன்றாகப் பழகிய இருவர் ஒரு காலையில் நாற்பது, ஐம்பது கலப்பு செய்யலாம். ஆனால் எல்லா வழிகளும் ஒரே நாளில் பூக்காது. இதைவிட எளியது, ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு தனிமைப் பாத்தி அமைத்து, ரில் வழிகளைப் பெண் வரிசைகளாகவும் பெற்றோரை ஆண் வரிசைகளாகவும் நட்டு, பெண் வரிசைகளின் ஆண் பூங்கொத்தை விரிவதற்கு முன் பிடுங்கிவிடுவது. சுற்றிலும் குறைந்தது 200 மீட்டருக்கு வேறு மக்காச்சோளம் இருக்கக் கூடாது. பெங்களூருக்கு வடக்கே தீவன மக்காச்சோளம் போடாத பக்கத்து நிலம் கிடைப்பது அரிது. அப்படியானால் பூக்கும் காலத்தையாவது மூன்று, நான்கு வாரம் தள்ளி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. உங்கள் தோழி நெல்லில் இதையே செய்யப் போவதாகச் சொன்னீர்கள். மண்டியாவில் உருவாகி 1996-இல் வெளிவந்த கேஆர்எச்-2 வீரிய ஒட்டு நெல்லின் தாய் வழியான ஐஆர்58025ஏ போன்ற, நல்ல மகரந்தம் தராத ஆண்மலட்டு வழியோடு ரில்களைக் கலந்தால், பூவைத் திறந்து மகரந்தப் பை நீக்கும் வேலை மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் மகரந்த வளத்தை மீட்கும் ஜீன்கள் இல்லாத ரில்களின் சந்ததி மலடாக நிற்கும்; விளைச்சலை அளந்து வரைபடமிட்டால், பெரிய கியூடிஎல்கள் என்று 10-ஆம், 1-ஆம் குரோமோசோம்களில் உள்ள வளமீட்பு ஜீன்களே எழுந்து நிற்கும். அதை வீரியம் என்று எண்ணிவிடாமல் இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. மிகை ஓங்குத்தன்மை என்ற சொல்லுக்குப் பின்னால் நூறாண்டுகளுக்கும் மேலான வழக்கு ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தை உட்கலப்பு செய்தால் சோர்ந்துபோவதையும், சோர்ந்த வழிகளைக் கலந்தால் சந்ததி துள்ளி எழுவதையும் 1908-இல் விளக்கிய ஷல், 1914-இல் 'ஹெட்டிரோசிஸ்' என்ற பெயரையும் தந்தார். அவரும் ஈஸ்ட்டும் ஹெட்டிரோசைகஸ் நிலையே ஒரு தூண்டுகோல் என்று கருதினார்கள். அதே ஆண்டுகளில் டேவன்போர்ட், புரூஸ் முதலானோர், ஒரு பெற்றோரின் குறைபாடுள்ள ஒடுங்கு அல்லீல்களை மற்றவரின் நல்ல ஓங்கு அல்லீல்கள் மறைப்பதே போதும் என்றார்கள். முதல் கருத்து சரியென்றால் எஃப்1-க்கு இணையான தூய வழியை யாராலும் உருவாக்க முடியாது. இரண்டாவது சரியென்றால் பொறுமை இருந்தால் முடியும். விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்கியே தீர வேண்டுமா என்பதும் இதைச் சார்ந்ததே. ஆகவே இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல.

குறிப்பான்கள் வந்ததும் வழக்கு தீர்ந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1992-இல் ஸ்டியூபர் குழுவினர் பி73, மோ17 என்ற புகழ்பெற்ற மக்காச்சோளப் பெற்றோரின் 264 எஃப்3 வழிகளை, உங்களுக்கு நான் சொன்ன அதே முறையில், இரு பெற்றோருடனும் கலந்து, 76 குறிப்பான்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். விளைச்சலுக்குக் கிடைத்த கியூடிஎல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஹெட்டிரோசைகஸே மேலோங்கி நின்றது. மிகை ஓங்குத்தன்மை வென்றுவிட்டது என்று தோன்றியது. மூன்றாண்டு கழித்து, இண்டிகா, ஜப்பானிகா என்ற இரு நெல் உட்பிரிவுகளைக் கலந்து 194 ரில் வழிகளைக் கொண்டு அதே வடிவத்தில் செய்த அமெரிக்க ஆய்வு, பெரும்பாலும் ஓங்குத்தன்மையே காரணம் என்றது. 1997-இல் சீனாவின் ஷான்யோ 63 என்ற வீரிய ஒட்டு நெல்லை 250 எஃப்3 குடும்பங்களில் ஆராய்ந்தவர்கள், இருப்பிடங்களுக்கு இடையேயான ஊடாட்டமான எபிஸ்டாசிஸுக்கு முக்கியப் பங்கு உண்டு என்றார்கள். பின்னர் அதே குழு, அதே பெற்றோரின் 240 ரில் வழிகளைத் தமக்குள் ஜோடி சேர்த்து 360 கலப்புகள் எடுத்து, எஃப்2-ஐப் போலவே மூன்று மரபு வகைகளும் கொண்ட, வேண்டும்போதெல்லாம் புதிதாக உண்டாக்கிக்கொள்ளக்கூடிய 'சாகாத எஃப்2' தொகுதியில் அளந்தது. 2003-இல் வெளிவந்த அதன் முடிவு: தனித்தனி இருப்பிடங்களின் வீரிய விளைவுகளும், ஓங்கு விளைவுகளுக்கு இடையேயான ஊடாட்டமும் சேர்ந்தாலே வீரியத்தை விளக்கப் போதுமானது. ஹெட்டிரோசைகஸ் எல்லா இடத்திலும் மேலானது அல்ல என்பதையும் அவர்களே காட்டினார்கள். வீரிய ஒட்டு ஒன்றுதான், ஆய்வாளர்களும் அவர்களேதான்; செடித்தொகுதி மாறியதும் விடையின் நிறமும் மாறியது. ஆய்வேட்டின் முன்னுரையில் 'மிகை ஓங்குத்தன்மை என்று சிலரும், ஓங்குத்தன்மை என்று சிலரும் கூறுகின்றனர்' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். யார் எந்தத் தொகுதியில் பார்த்தார்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

மக்காச்சோளத்தில் ஏன் இப்படி மிகை ஓங்குத்தன்மை கொட்டிக் கிடக்கிறது? ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து இரண்டு ஜீன்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். முதல் பெற்றோரில் முன்னது நல்லது, பின்னது கெட்டது. இரண்டாம் பெற்றோரில் முன்னது கெட்டது, பின்னது நல்லது. இதுதான் விலகிய நிலைப் பிணைப்பு. ஒவ்வொரு பெற்றோரும் ஒரு நல்லதை மட்டுமே கொண்டிருக்க, எஃப்1-இல் இரண்டு நல்லவையும் சேர்ந்து இரண்டு கெட்டவற்றையும் மறைக்கின்றன. இரண்டு ஜீன்களுக்கும் நடுவே மறுசேர்க்கை (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்காதவரை, வரைபடத்தில் அவை ஒரே இருப்பிடமாகத் தெரியும். அந்த 'ஒரே' இருப்பிடத்தில் ஹெட்டிரோசைகஸ் இரு ஹோமோசைகஸையும் மிஞ்சும். உண்மையில் அங்கே சாதாரண ஓங்குத்தன்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதைப் போலி மிகை ஓங்குத்தன்மை என்கிறோம். இந்தச் சந்தேகம் புதிதல்ல: மக்காச்சோளத்தை எஃப்2-க்குப் பின் பல தலைமுறை தாறுமாறாகக் கலக்க விட்டபோது, மிகையாகத் தெரிந்த ஓங்கு அளவு பகுதி ஓங்குத்தன்மை வரை இறங்கியதை 1964-இலேயே மால் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஸ்டியூபரின் குழுவே 5-ஆம் குரோமோசோமில் தாங்கள் கண்ட பெரிய கியூடிஎல் ஒன்றை 1997-இல் நுணுக்கமாகப் பிளந்து பார்த்தபோது, அது விலகிய நிலையில் இருந்த குறைந்தது இரண்டு சிறு கியூடிஎல்களாக உடைந்தது.

மக்காச்சோளத்தில் குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரைச் சுற்றிய பெரும் பகுதியில் மறுசேர்க்கை மிக அரிது. வரைபடத்தில் ஐந்து சென்டிமார்கன் (மறுசேர்க்கை வீதத்தால் அளக்கும் தூர அலகு) என்று கைவிரல் அகலத்துக்குத் தெரியும் இடத்தில், டிஎன்ஏ அளவில் பல கோடி எழுத்துகளும் நூற்றுக்கணக்கான ஜீன்களும் அடங்கியிருக்கக்கூடும். வெளிப்படையான மிகை ஓங்குத்தன்மை காட்டும் கியூடிஎல்கள் அந்தப் பகுதிகளிலேயே குவிகின்றன என்பதை 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். ஆகவே உங்கள் கியூடிஎல் சென்ட்ரோமியருக்கு அருகே விழுந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். குறிப்பான்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இது தீராது. 180 வழிகளில் நடந்த மறுசேர்க்கைகளின் எண்ணிக்கைதான் உங்கள் அளவுகோலின் கோடுகள். மூவாயிரம் குறிப்பான் போட்டாலும் முப்பதாயிரம் போட்டாலும் கோடுகள் கூடப்போவதில்லை.

உண்மையான மிகை ஓங்குத்தன்மையே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. தக்காளியில் 'சிங்கிள் ஃபிளவர் டிரஸ்' என்ற ஜீன் பூக்கும் சமிக்ஞைப் புரதமான ஃபுளோரிஜெனை உண்டாக்குகிறது. அதன் செயலிழந்த வடிவம் இரட்டையாக இருந்தால் செடி பூக்கவே திணறும். ஒரு பிரதி மட்டும் செயலிழந்திருந்தால், குறுகி நிற்கும் வகைத் தக்காளியில் விளைச்சல் 60 விழுக்காடு வரை கூடுகிறது என்று கிரீகர், லிப்மன், ஜமீர் மூவரும் 2010-இல் காட்டினார்கள். சமிக்ஞை கொஞ்சம் குறைந்தால் செடி சற்று நீண்ட காலம் கிளைத்துக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். ஒற்றை ஜீன் என்று நம்பும்படி நிரூபிக்கப்பட்ட இதுபோன்ற உதாரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

ஓங்குத்தன்மையுள்ள ஜீனே இல்லாமலும் எஃப்1 மேலோங்கித் தெரியக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு பெற்றோரின் கதிரில் 12 வரிசை, வரிசைக்கு 36 மணி, ஆக 432. மற்றதில் 20 வரிசை, வரிசைக்கு 20 மணி, ஆக 400. எஃப்1 இரண்டிலும் சரியாக நடுவில், 16 வரிசை, 28 மணி என்று நின்றால் 448 மணி. எந்தப் பண்பிலும் துளி ஓங்குத்தன்மை இல்லை. பெருக்கல் மட்டுமே பெற்றோர் இருவரையும் மிஞ்ச வைத்தது. எனவே மொத்த விளைச்சலோடு நிறுத்தாமல் வரிசை, மணி எண்ணிக்கை, நூறு மணி எடை ஆகியவற்றையும் தனித்தனியே வரைபடமிடுங்கள்.

வயலைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். என் முதல் சோதனையில் தூய பெற்றோரை வீரிய ஒட்டுகளுக்கு நடுவே ஒற்றை வரிசையாக நட்டேன். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடிகளின் நிழலில் அந்தக் குட்டைப் பெற்றோர் கதிரே சரியாகப் பிடிக்கவில்லை. வீரியம் வானளாவ வந்தது. மறு ஆண்டு பெற்றோரைத் தனித் தொகுதியில் நட்டபோது அந்தக் கணக்கில் பெரும் பகுதி கரைந்துபோனது. ரில்களையும் பெற்றோரையும் ஒரு தொகுதியாகவும், கலப்புகளை இன்னொரு தொகுதியாகவும் நட்டு, இரண்டிலும் பொதுவான சில வகைகளை வைத்து ஒப்பிடுங்கள். அடுத்தது பூக்கும் காலம். நெல்லில் வீரியக் கியூடிஎல்கள் என்று சிக்கியவற்றில் சில, ஜிஎச்டி7, ஜிஎச்டி8 போன்ற பூக்கும் கால ஜீன்களாகவே முடிந்தன. பெங்களூரில் பகல் பொழுது ஆண்டு முழுவதும் பதினொன்றேகால் மணியிலிருந்து பதின்மூன்று மணிக்குள்தான் அடங்கும். டெல்லியில் இந்த வீச்சு இரு மடங்குக்கும் மேல். இங்கே அமைதியாக இருக்கும் ஜீன் அங்கே ஆட்டம் போடலாம். பூத்த நாளைத் தவறாமல் குறித்து, அதைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு முறை பகுப்பாய்வு செய்யுங்கள்.

புள்ளியியலில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. கியூடிஎல் இருப்பதற்கான சான்றை அளக்கும் எல்ஓடி மதிப்பில் 3 என்ற பழைய வரம்பைக் கண்ணை மூடிப் பின்பற்றாமல், தரவை ஆயிரம் முறை கலைத்துப்போட்டு உங்கள் தொகுதிக்கான வரம்பைக் கணக்கிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை நடுவதைவிட, இரண்டு இடங்களில் ஒவ்வொரு முறை நடுவது மேல். 720 பாத்திகள் ஆகும், முடியும். இவ்வளவு சிறிய தொகுதியில் வரம்பைத் தாண்டும் கியூடிஎல்களின் விளைவு உண்மையைவிடப் பெரிதாகவே தெரியும் என்று பீவிஸ் முன்பே எச்சரித்திருக்கிறார். எனவே 'வீரியத்தில் 20 விழுக்காட்டை இந்த ஒரு இருப்பிடமே விளக்குகிறது' என்ற வாக்கியத்தை எழுதுமுன் நிதானியுங்கள். மேலும், மூன்றாம் திட்டத்தில் கிடைக்கும் டி, தூய டி அல்ல. கூட்டல் விளைவுகளுக்கு இடையேயான ஊடாட்டத்தின் ஒரு பங்கும் அதில் கலந்திருக்கும் என்பதை மெல்சிங்கர் குழுவினர் 2007-இல் நிறுவினர். அதை ஒரு வரியிலாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

மிகை ஓங்குத்தன்மை என்று ஓர் இருப்பிடம் வந்தால் அதைச் சோதிக்க உங்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது. ரில்கள் எஃப்6-இல் இருந்தபோது ஒவ்வோர் இருப்பிடத்திலும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வழிகள் ஹெட்டிரோசைகஸாகவே இருந்திருக்கும். 180 வழிகளில் அது சராசரியாக ஐந்தாறு. எஃப்6 தரவில் அந்த இருப்பிடத்தில் இரு பெற்றோரின் குறியையும் காட்டும் வழிகளைத் தேடி, அவற்றின் சந்ததியை விதைத்தால், மற்ற பின்னணி ஏறக்குறைய முழுவதும் ஒன்றாகவே இருக்க, அந்தத் துண்டில் மட்டும் மூன்று மரபு வகைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். குறிப்பான் பார்த்துப் பிரித்து அளந்தால், ஹெட்டிரோசைகஸ் உண்மையிலேயே இருவரையும் மிஞ்சுகிறதா என்று தெரிந்துவிடும். மிஞ்சினால், அந்தக் குடும்பங்களில் நூற்றுக்கணக்கான விதைகளை முளைக்க வைத்து, துண்டின் நடுவே மறுசேர்க்கை நடந்த செடிகளைப் பொறுக்கி, அது இரண்டாக உடைகிறதா என்று பாருங்கள். இவற்றுக்கெல்லாம் வேண்டியது பழைய எஃப்6 செடிகளின் விதைப் பொட்டலங்கள். துறையின் குளிர் அறையில் அவை இன்னும் இருக்கின்றனவா என்று உங்கள் வழிகாட்டியிடம் இந்த வாரமே கேட்டு, இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரக் காகிதத்தில் சுருட்டி முளைப்புத்திறனைப் பார்த்துவிடுங்கள்.